பிரெஞ்சுப் பெரிய எழுத்துகளில் ஆக்சென்ட் குறிகள் ஏன் மறைகின்றன, எப்படி மீட்பது?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு பிரெஞ்சுத் தலைப்பைச் சிறிய எழுத்துகளில், எழுத்தின் மேலும் கீழும் வரும் ஆக்சென்ட் குறிகள் எல்லாவற்றோடும் சரியாகவே அடிக்கிறோம். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து முழுக்கப் பெரிய எழுத்தாக மாற்றுகிறோம். மாற்றிய உடனே குறிகள் அத்தனையும் காணாமல் போகின்றன. எழுத்துருவைச் சந்தேகித்து வேறு வேறு எழுத்துருக்களைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அச்சுப்பொறியைக் குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே காரணமல்ல. பிரான்ஸ் நாட்டுப் பிரெஞ்சு என்று அடையாளமிட்ட உரையைப் பெரிய எழுத்தாக்கும்போது குறியை நீக்கிவிடும் வழக்கம் வேர்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை நிறுத்தும் தேர்வுக் கட்டம் (செக்பாக்ஸ்) ஒன்றும் இருக்கிறது. ஆனால் மென்பொருளை நிறுவும்போது அது டிக் செய்யப்படாமல்தான் வருகிறது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால் பிரெஞ்சு கற்கும் தமிழர்களுக்கு இது முதலில் சிறு அலங்காரச் சிக்கலாகத் தோன்றலாம். உண்மையில் இது எழுத்துப்பிழை. பிரெஞ்சில் குறி என்பது எழுத்தின் பகுதி. அது போனால் சொல் மாறிவிடும்.

இந்தக் கட்டுரையில் லத்தீன் எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயர்களால் ஏ, இ, சி, ஐ, ஓ, யூ, ஒய் என்றே குறிப்பிடுகிறேன். குறிகள் ஐந்து. வலப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் கோடு எகு. அது இ மீது மட்டும் வரும். எதிர்ப்பக்கம் சாய்வது கிராவ். கூரை வடிவில் இருப்பது சிர்கோன்ஃப்ளெக்ஸ். பக்கத்தில் பக்கமாக இரண்டு புள்ளிகள் த்ரேமா. சியின் அடியில் தொங்கும் வால் செதீய். இவற்றோடு ஓவும் இயும் ஒட்டிய இணைப்பெழுத்தையும், ஏயும் இயும் ஒட்டியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறி போனால் என்ன ஆகும்?

ஒரு செய்தித்தாள் தலைப்பு, முழுக்கப் பெரிய எழுத்தில்: 'அன் பொலிசியே த்யூஏ'. காவலர் ஒருவர் கொல்லப்பட்டார் என்று பொருள். கடைசி இ மீதுள்ள எகு விடுபட்டால் அது 'அன் பொலிசியே த்யூ' ஆகிவிடும்: காவலர் ஒருவர் கொலை செய்கிறார். செத்தவரும் கொன்றவரும் ஒரு சிறு கோட்டில் இடம் மாறிவிடுகிறார்கள். 'மார்ஷே' என்றால் சந்தை. குறியில்லாமல் 'மார்ஷ்', படிக்கட்டு அல்லது நடை. 'ரெத்ரேத்தே' ஓய்வு பெற்றவர். 'ரெத்ரேத்' ஓய்வு அல்லது ஓய்வூதியம். மாநாட்டு அரங்குக்குப் பெயர் 'பலே தே கோங்ரே'. குறியை எடுத்துவிட்டால் அது கோங்ர் என்னும் விலாங்கு வகை மீன்களின் அரண்மனை. ஏ என்ற ஒற்றை எழுத்தே கிராவ் குறியோடு வந்தால் 'இடத்தில்', 'நோக்கி' என்ற முன்னிடைச்சொல். குறியின்றி வந்தால் 'வைத்திருக்கிறார்' என்ற வினை.

பிரெஞ்சு மொழிக்கான அகாதெமி பிரான்சேஸ் இதில் தெளிவாக இருக்கிறது: குறிக்கு முழு எழுத்திலக்கண மதிப்பு உண்டு, நல்ல அச்சில் பெரிய எழுத்துகளுக்கும் தவறாமல் குறி இட வேண்டும், வாக்கியத் தொடக்கத்தில் வரும் முன்னிடைச்சொல் ஏயும் விலக்கல்ல. பிரான்ஸ் அரசு அச்சகத்தின் அச்சு விதிக் கையேடும், கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழி அலுவலகமும் அதையே சொல்கின்றன. கியூபெக் அலுவலகம் ஒரு விலக்கைத் தருகிறது: முதலெழுத்துச் சுருக்கப் பெயர்களுக்குக் குறி தேவையில்லை. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் பிரெஞ்சுச் சுருக்கமான 'அலெனா'வில், விரித்து எழுதினால் குறியோடு வரும் இ, சுருக்கத்தில் வெறும் இதான். ஓர் ஆவணம் முழுவதும் கண்டுபிடித்து மாற்றும் வேலை செய்பவர்கள் இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் 'பெரிய எழுத்துக்குக் குறி கிடையாது' என்று பள்ளியிலேயே கற்று வளர்ந்தவர்கள் பிரான்சில் ஏராளம். அது மொழியின் விதி அல்ல, கருவிகள் விட்டுச் சென்ற பழக்கம். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதை நினைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். புள்ளி இலக்கணத்தில் இருந்தது. ஓலை கிழியும் என்று எழுத்தாணி அதைத் தவிர்த்தது. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். காகிதம் வந்தபின் புள்ளி திரும்பிவிட்டது. பிரெஞ்சில் கருவி பல முறை மாறியும் ஒவ்வொரு புதிய கருவியும் பழைய குறையைக் கூடவே எடுத்து வந்தது.

ஈயத்திலிருந்து கணினி வரை

ஈய அச்செழுத்தில் பெரிய எழுத்து தன் உலோகக் கட்டையின் உயரம் முழுவதையும் ஏறக்குறைய நிரப்பிவிடும். மேலே குறிக்கு இடமில்லை. குறியைக் கட்டைக்கு வெளியே நீட்டி வார்த்தால் அது எளிதில் உடையும். எழுத்தைச் சிறுக்கச் செய்து குறியைப் பொருத்தினால் வரியில் அந்த எழுத்து மட்டும் குள்ளமாகத் தெரியும். தனியாக வார்க்கவும் பெட்டியில் தனி அறை ஒதுக்கவும் செலவு பிடிக்கும். நல்ல அச்சகங்கள் அந்தச் செலவைச் செய்தன; அவசர வேலை செய்தவை விட்டுவிட்டன.

தட்டச்சுப்பொறி அந்தக் குறையை நிரந்தரமாக்கியது. பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையில் எண் வரிசையின் விசைகள் இரண்டு வேலை பார்க்கின்றன. 2 இருக்கும் விசையை நேரடியாக அழுத்தினால் எகு போட்ட சிறிய இ. 7இல் கிராவ் போட்ட சிறிய இ. 9இல் வால் போட்ட சிறிய சி. 0இல் கிராவ் போட்ட சிறிய ஏ. எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ஷிஃப்ட் இடம் எண்ணுக்குப் போய்விட்டதால் இந்த நான்கின் பெரிய வடிவங்களுக்கு விசையே இல்லாமல் போனது. இன்று பிரான்சில் விற்கும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் இதே அடுக்குதான்.

கணினிக் குறியீடுகள், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் அட்டவணைகள், வந்தபோதும் கதை மாறவில்லை. 128 இடங்கள் கொண்ட அமெரிக்க ஆஸ்கியில் குறிக்கு இடமே இல்லை. அதன் பிரெஞ்சுத் தேசிய வடிவம் சில அடையாளங்களை எடுத்துவிட்டு எழுத்துகளை வைத்தது: 64ஆம் இடத்தில், அதாவது மின்னஞ்சலில் வரும் 'அட்' குறியின் இடத்தில், கிராவ் போட்ட ஏ, 92இல் செதீய் போட்ட சி, 123இல் எகு போட்ட இ, 124இல் கிராவ் போட்ட யூ, 125இல் கிராவ் போட்ட இ. ஐந்தும் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 437ஆம் குறியீட்டுப் பக்கம் 256 இடங்களாக விரிந்தது. அதில் எகு போட்ட பெரிய இ 144இலும், செதீய் போட்ட பெரிய சி 128இலும் இருந்தன. கிராவ் போட்ட பெரிய ஏ, கிராவோ சிர்கோன்ஃப்ளெக்ஸோ போட்ட பெரிய இ ஆகியவை இல்லை. பாதி இருந்து பாதி இல்லாத நிலையில், எல்லாவற்றையும் விட்டுவிடுவதே பலருக்கு ஒழுங்காகப் பட்டது. மேற்கு ஐரோப்பாவுக்கான 850ஆம் பக்கமும் கனடாப் பிரெஞ்சுக்கான 863ஆம் பக்கமும் இந்த இடைவெளியை நிரப்பின. 1987இன் ஐஎஸ்ஓ 8859-1 தரத்தில் குறியிட்ட பெரிய எழுத்துகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டன. ஓ-இ இணைப்பெழுத்தும் த்ரேமா போட்ட பெரிய ஒய்யும் மட்டும் விடுபட்டன. 1999இன் 8859-15 அவற்றைச் சேர்த்தது. த்ரேமா போட்ட ஒய் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். பாரிஸுக்குத் தெற்கே உள்ள லாய்-லெ-ரோஸ் நகராட்சியின் பெயரில் அது இருக்கிறது. ஊர்ப் பலகையைப் பெரிய எழுத்தில் எழுதாமல் எப்படி? 1991இல் தொடங்கிய யூனிகோடில் இவை அனைத்தும் உண்டு. ஆகவே இன்றைய மென்பொருளில் குறி மறைவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. மிச்சமிருப்பது அமைப்புகளில் தங்கிவிட்ட பழக்கம் மட்டுமே.

வேர்டில் அந்தக் கட்டம்

ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் என்று போனால், எல்லா ஆஃபிஸ் மென்பொருள்களுக்குமான எழுத்துப்பிழைத் திருத்தப் பகுதியில் 'என்ஃபோர்ஸ் ஆக்சென்டட் அப்பர்கேஸ் இன் ஃபிரெஞ்ச்' என்ற வரி இருக்கும். அதை டிக் செய்ய வேண்டும். வரி கண்ணில் படாவிட்டால், ஆஃபிஸின் மொழிப் பட்டியலில் பிரெஞ்சைச் சேர்த்து, வேர்டை மூடித் திறந்து பாருங்கள். 2003 வரையிலான பழைய பதிப்புகளில் இது டூல்ஸ், ஆப்ஷன்ஸ், எடிட் பக்கத்தில் 'அலவ்' என்ற சொல்லோடு இருந்தது.

பெயரைப் பார்த்தால் பிழை காட்டும் வசதி மட்டும்தான் என்று தோன்றும். அது இரண்டு வேலை செய்கிறது. குறி விடுபட்ட பெரிய எழுத்தைப் பிழையாகக் காட்டுவது ஒன்று. சிறிய எழுத்தைப் பெரியதாக மாற்றும்போது குறியைத் தக்கவைப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம்.

இது பிரான்ஸ் நாட்டுப் பிரெஞ்சு என்று மொழி அடையாளம் இட்ட உரையை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆங்கிலம் என்றோ ஸ்பானியம் என்றோ அடையாளமிட்ட உரையில் குறி எப்போதும் தங்கும். கனடாப் பிரெஞ்சிலும் அப்படித்தான். ஒரே ஆவணத்தில் ஒரு தலைப்பு குறியோடும் அடுத்த தலைப்பு குறியில்லாமலும் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது மொழி அடையாளம். வேறிடத்திலிருந்து ஒட்டிய பத்தி 'ஆங்கிலம்' என்ற அடையாளத்தோடு வந்திருக்கும்; அதனாலேயே அதில் மட்டும் குறி பிழைத்திருக்கும். அந்தப் பத்தியில் கர்சரை வைத்தால் வேர்டின் கீழ்ப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும்.

அடுத்து, பெரிய எழுத்தாக்கும் வழி எது என்பது மிக முக்கியம். இங்கேதான் திருத்த முடியாத சேதம் நிகழ்கிறது.

ஃபான்ட் பெட்டியில் 'ஆல் கேப்ஸ்' அல்லது 'ஸ்மால் கேப்ஸ்' தேர்ந்தெடுத்தால் அது வெறும் தோற்றம். கோப்பில் சிறிய எழுத்து, குறியோடு, அப்படியே இருக்கிறது. திரையில்தான் பெரியதாகக் காட்டப்படுகிறது. கட்டம் டிக் ஆகாதபோது குறி மறைந்து தெரியும்; டிக் செய்தால் திரும்பி வந்துவிடும். எதுவும் இழக்கப்படவில்லை.

ஷிஃப்ட்டும் எஃப்3யும் சேர்த்து அழுத்தினாலோ, 'சேஞ்ச் கேஸ்' பொத்தானில் 'அப்பர்கேஸ்' தேர்ந்தெடுத்தாலோ எழுத்தே மாற்றப்படுகிறது. கட்டம் டிக் ஆகாதிருந்தால் குறி கோப்பிலிருந்தே நீங்கிவிடும். பிறகு மறுபடி சிறிய எழுத்தாக்கினாலும் குறி திரும்பாது. ஷிஃப்ட்-எஃப்3 மூன்று நிலைகளைச் சுற்றி வரும் விசை என்பதால், 'சும்மா சுற்றிப் பார்த்து' முதல் நிலைக்கே திரும்பியவர் எதுவும் மாறவில்லை என்று நினைப்பார்; குறிகள் போயிருக்கும். உடனே கவனித்தால் கன்ட்ரோல்-இசட் காப்பாற்றும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், உரையைச் சிறிய எழுத்தாக்கிப் பிரெஞ்சுப் பிழைதிருத்தியை ஓட விடுவதே வழி. அது 'எக்கோல்' (பள்ளி), 'எத்யூத்' (படிப்பு) போன்றவற்றைப் பிடித்துவிடும். மார்ஷ், மார்ஷே போல இரண்டு வடிவமும் சரியான சொல்லாக இருப்பவற்றை ஒருவர் கண்ணால் படித்துத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே தலைப்புகளுக்குச் சிறிய எழுத்தில் குறியோடு அடித்து, ஸ்டைலில் 'ஆல் கேப்ஸ்' வைப்பதே பாதுகாப்பானது. பொருளடக்கமும் அந்தச் சிறிய எழுத்து வடிவத்திலிருந்தே உருவாகும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த டிக், கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. உங்கள் கணினியில் உள்ள வேர்டின் அமைப்பு அது. உங்களிடம் குறியோடு அழகாகத் தெரிந்த 'ஆல் கேப்ஸ்' தலைப்பு, கட்டம் டிக் ஆகாத வேறொருவரின் கணினியில் குறியின்றித் தெரியும். அவர் அங்கிருந்தே அச்சிட்டால் அச்சிலும் குறி இருக்காது. படிக்க மட்டும் அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். தோற்றம் அதில் உறைந்துவிடும். கோப்பாகவே அனுப்ப வேண்டுமென்றால், தலைப்பு ஸ்டைலின் மொழியை ரிவியூ, லாங்குவேஜ், செட் புரூஃபிங் லாங்குவேஜ் வழியாகக் கனடாப் பிரெஞ்சு என்று வைக்கலாம். மொழி அடையாளம் கோப்போடு பயணம் செய்யும். கனடாப் பிரெஞ்சில் குறி எப்போதும் தங்கும். பிழைதிருத்த அகராதியில் சில சொற்கள் வேறுபடலாம், ஆனால் தலைப்பளவுக்கு அது பொருட்டல்ல. அல்லது குறியிட்ட பெரிய எழுத்துகளையே நேரடியாக அடித்துவிடலாம். அப்படி அடித்ததை வேர்டு தொடாது.

பிழைதிருத்தத்தை நம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே புரூஃபிங் பக்கத்தில் 'இக்னோர் வேர்ட்ஸ் இன் அப்பர்கேஸ்' என்ற கட்டம் இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். அது இருக்கும்வரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்த சொல்லை வேர்டு சோதிக்கவே சோதிக்காது. பிரெஞ்சு ஆவணத்தை முடிக்கும் முன் ஒருமுறையாவது அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய எழுத்தாக்கும்போது அது குறியைத் தக்கவைக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது பிழைதிருத்தம் மட்டும்: மொழி அமைப்பின் 'ரைட்டிங் எய்ட்ஸ்' பகுதியில் பெரிய எழுத்துச் சொற்களைச் சோதிக்கும் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும்.

நேரடியாக அடிப்பது எப்படி?

நம்மூரில் கிடைக்கும் அமெரிக்க அடுக்கு விசைப்பலகையில், வேர்டுக்குள் மட்டும் வேலை செய்யும் குறுக்குவழிகள் இவை. கன்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் விசை, விட்டுவிட்டு ஷிஃப்ட்-இ: எகு போட்ட பெரிய இ. கன்ட்ரோலோடு 1க்கு இடப்பக்கம் உள்ள விசை, பிறகு பெரிய ஏ அல்லது இ அல்லது யூ: கிராவ். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6, பிறகு எழுத்து: சிர்கோன்ஃப்ளெக்ஸ். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-முக்காற்புள்ளி, பிறகு எழுத்து: த்ரேமா. கன்ட்ரோல்-காற்புள்ளி, பிறகு பெரிய சி: செதீய். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-7, பிறகு பெரிய ஓ: ஓ-இ இணைப்பெழுத்து.

எல்லா மென்பொருளிலும் வேண்டுமென்றால் விண்டோஸில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' அடுக்கைச் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய், ஆங்கிலத்தின் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்ட்' அழுத்தினால் பட்டியலில் இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி அடுக்கை மாற்றிக்கொள்ளலாம். ஒற்றை மேற்கோளை அழுத்திப் பெரிய இ அடித்தால் எகு. பெரிய சி அடித்தால் செதீய். ஒரு பொறி மட்டும் உண்டு. 'லெத்தா', அதாவது 'அரசு' என்ற சொல்லைச் சுட்டுச்சொல்லோடு எழுதும்போது, மேற்கோளுக்குப் பின் உடனே குறியிட்ட பெரிய இ வர வேண்டும். மேற்கோளை ஒருமுறை மட்டும் அழுத்தி இ அடித்தால், மேற்கோள் மறைந்து குறி மட்டும் நிற்கும். மேற்கோள், ஸ்பேஸ், மறுபடி மேற்கோள், பிறகு ஷிஃப்ட்-இ என்ற வரிசையில் அடிக்க வேண்டும்.

ஆல்ட் எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள் முன்னால் வரும் பூஜ்யத்தை விடக்கூடாது. நம்லாக் போட்டு, ஆல்ட் விசையை அழுத்தியபடியே வலப்புற எண் பலகையில் 0201 அடித்தால் எகு போட்ட இ; 0200 கிராவ் போட்ட இ; 0202 சிர்கோன்ஃப்ளெக்ஸ் இ; 0192 கிராவ் ஏ; 0199 செதீய் சி; 0140 ஓ-இ இணைப்பெழுத்து; 0159 த்ரேமா ஒய். பூஜ்யம் இல்லாத எண்கள் பழைய டாஸ் குறியீட்டுப் பக்கத்தை எடுக்கின்றன. அவற்றில் 144 எங்கும் சரியாக வரும். ஆனால் 183 ஐரோப்பிய அமைப்புள்ள கணினியில் கிராவ் ஏவையும், அமெரிக்க அமைப்புள்ள கணினியில் கட்டம் வரையும் கோட்டுத் துண்டையும் தரும்.

வேர்டில் 0152 என்று அடித்து ஆல்ட்-எக்ஸ் அழுத்தினாலும் ஓ-இ இணைப்பெழுத்து வரும். ஆனால் 'கேர்', அதாவது இதயம் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அடிக்கும்போது முன்னால் சி நிற்கிறது. பதினாறடிமான எண் முறையில் சியும் ஓர் இலக்கம் என்பதால் வேர்டு ஐந்தையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். நான்கு இலக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் சரியாகிவிடும்.

அசெர்ட்டி விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு: சிர்கோன்ஃப்ளெக்ஸும் த்ரேமாவும் மேல் எழுத்து வரிசையில் உள்ள பி எழுத்துக்கு வலப்பக்க விசையில் எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர்-7 அழுத்திவிட்டுப் பெரிய ஏ அல்லது இ அடித்தால் கிராவ் வரும்; பலருக்கு இது தெரியாது. எகுவுக்கும் செதீய்க்கும்தான் வழியில்லை. கேப்ஸ்லாக் போட்டு 2ஐ அழுத்தினால் விண்டோஸ் 2ஐயே தரும். மேக்கில் அதே செயல் எகு போட்ட பெரிய இயைத் தரும். வேர்டுக்குள் என்றால் கன்ட்ரோல்-4, பிறகு ஷிஃப்ட்-இ.

இந்தக் குறையை பிரான்சின் கலாச்சார அமைச்சகமே 2016 ஜனவரியில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. தரநிலை அமைப்பான அஃப்னோர் 2019 ஏப்ரலில் புதிய தரத்தை வெளியிட்டது. அதில் மேம்படுத்திய அசெர்ட்டி, பெப்போ என இரண்டு அடுக்குகள் உள்ளன. குறியிட்ட பெரிய எழுத்துகள் இரண்டிலும் நேரடியாக வரும். விண்டோஸ் 11இல் புதிய அசெர்ட்டி 'ஸ்டாண்டர்ட்' என்ற அடைமொழியோடும், பழையது 'லெகசி' என்ற அடைமொழியோடும் இருக்கின்றன. கனடாப் பிரெஞ்சு விசைப்பலகையிலோ எகு போட்ட இக்குத் தனி விசையே உண்டு. ஷிஃப்ட் அழுத்தினால் பெரியது. கருவி இடம் கொடுத்த நாட்டில் பழக்கமும் வளர்ந்தது.

ஆட்டோகரெக்ட் பட்டியலில் 'எத்தா', 'எக்கோல்', 'எக்லீஸ்', 'எத்யூத்' போன்ற முதலெழுத்துப் பெரிய சொற்களைக் குறியில்லாத வடிவிலிருந்து குறியுள்ள வடிவுக்கு மாறும்படி சேர்த்துவிட்டால் அன்றாட வேலையில் பெரும்பகுதி தானாக நடக்கும். பட்டியல் மொழிவாரியானது, கர்சர் பிரெஞ்சு உரையில் இருக்கும்போது சேர்க்க வேண்டும். ஒற்றை ஏவை மட்டும் சேர்க்காதீர்கள். வாக்கியத் தொடக்கத்தில் அது முன்னிடைச்சொல்லாகவும் இருக்கலாம், வினையாகவும் இருக்கலாம்.

குறி இருந்தும் தெரியாதபோது

சில சமயம் எழுத்து சரியாக இருக்கும். மேல்பாதி வெட்டப்பட்டுத் தெரியும். வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று, எழுத்தளவுக்குச் சமமாக வைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 12 புள்ளி இடைவெளி என்றால் பெரிய எழுத்தின் தலைக்கு மேல் குறிக்கு இடமிருக்காது. 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்ஸாக்ட்லியே வேண்டுமென்றால் 14 அல்லது 15 புள்ளி வையுங்கள். அட்டவணைக் கட்டத்தின் உயரம் எக்ஸாக்ட்லி என்று இருந்தாலும் இதே வெட்டு நிகழும்.

கோப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது நடக்கும் சேதம் வேறு வகை. யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எகு போட்ட பெரிய இ 195, 137 என்ற இரண்டு பைட்டுகள். சிறிய இ 195, 169. பழைய ஒற்றை பைட்டு முறையில் திறந்தால் இரண்டுமே இரட்டை எழுத்துகளாகச் சிதறும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிறிய எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் இரண்டாவது பைட்டு 160க்கு மேல் விழுவதால் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக நிற்கும், பின்னால் மீட்டுவிடலாம். பெரிய எழுத்துகளின் இரண்டாவது பைட்டு, த்ரேமா போட்ட ஒய் தவிர, 128க்கும் 159க்கும் இடையில் விழுகிறது. 8859-1 முறையில் அந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். வழியில் எந்த மென்பொருளாவது அவற்றைச் சுத்தப்படுத்தி நீக்கிவிட்டால் மீட்க எதுவும் மிஞ்சாது. விண்டோஸ் 1252 முறையில் திறந்தால் கிராவ் போட்ட பெரிய ஏ, அலைக்கோடு போட்ட ஏயும் அதையடுத்து யூரோ அடையாளமுமாகத் தெரியும். அதே முறையில் 143ஆம் இடம் காலி என்பதால் த்ரேமா போட்ட பெரிய ஐ முழுதாகவே தொலையக்கூடும். சிதறிய உரையைக் கையால் திருத்தத் தொடங்காதீர்கள். மூலக் கோப்பைச் சரியான குறியீட்டில் மறுபடி திறங்கள்.

இன்னொன்று: மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் குறி தனி எழுத்தாகப் பிரிந்திருக்கலாம். வெறும் இ, அதன்பின் யூனிகோடு 0301 என்ற இணைக்குறி. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தேடினால் கிடைக்காது. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் அழியும். குறியைச் சரியாகப் பொருத்தத் தெரியாத எழுத்துருவில் அது பெரிய எழுத்தின் தலையோடு மோதி நிற்கும். ஒரே எழுத்தாக அடித்து மாற்றுவதே தீர்வு.

பெயர்களும் பிறந்த ஊர்களும்

பெரிய எழுத்துகளை அதிகம் கேட்பவை அரசுப் படிவங்கள். பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் பிரான்சின் சிவில் பதிவேடு குறித்த 2014 ஜூலை 23 தேதியிட்ட சுற்றறிக்கை, பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளைப் பட்டியலிட்டு, பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் அவை வரலாம் என்கிறது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் மட்டும் வேறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணப்படி அங்கே குறியில்லாத 26 எழுத்துகளும் எண்களும் ஒரு நிரப்புக் குறியும்தான் அனுமதி. அங்கே குறி இல்லையென்று பதறத் தேவையில்லை. மேலே அச்சிட்ட பெயர் வரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஊர்களில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு இது நேரடியாகத் தொடும் விஷயம். பொந்திஷேரியின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எகு ஒன்று உண்டு. மாஹேயின் கடைசி எழுத்திலும் உண்டு. பிறந்த ஊர்க் கட்டத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பும்போது அந்தக் குறி ஒரு சான்றிதழில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போகிறது. குறி பார்க்கும் தரவுத்தளத்தில் அவை இரண்டு ஊர்கள். படிவத்தைக் கணினியில் நிரப்புபவர்கள், குறியோடு சிறிய எழுத்தில் உள்ள மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரடியாகக் குறியிட்ட பெரிய எழுத்தையே அடிக்க வேண்டும். பழைய பதிவைத் தேடுபவர்கள் குறியோடு ஒருமுறை, குறியில்லாமல் ஒருமுறை என இரண்டு வடிவிலும் தேட வேண்டும்.